வைக்கோலை வித்த மாப்ளைக்கு

வா மாப்ள, ஒக்காரு. மார்கழி பொறந்ததும் ஒன் தலை நம்ம தெருவுல தெரியுதுன்னா, ஒன் மாட்டுக்குத் தீனி தீந்துபோச்சுன்னு அர்த்தம். என் வைக்கோல் போரைக் கண்ணாலயே அளக்காத, இங்க பாரு.

போன மாசியில வெலிங்டன் ஏரித் தண்ணியில வெளஞ்ச ஒன் நெல்லை மிஷின் அறுத்துச்சு. மறுநாளே கட்டு கட்டுற மிஷின் வந்துச்சு. வைக்கோல் அத்தனையும் கேரளா லாரியில ஏறிப் போச்சு. "மாமா, போர் போடுறதெல்லாம் பழைய காலத்து வேலை"ன்னு என்னையே கிண்டல் பண்ணுன. சரிதான். அந்தக் காசுல திட்டக்குடி கடைத்தெருவுல வாங்குனியே செல்போனு, அதைத் தொட்டியில போடு, மாடு அசை போடட்டும்.

சம்பா இன்னும் வயல்ல நிக்குது, அவுத்து வுட்டு மேய்க்கவும் எடமில்ல. நம்ம திட்டக்குடிக்கிட்ட இருக்குற மங்களூர்ப் பக்கம் ஒன் மச்சினன் மக்காச்சோளம் ஒடைச்சிட்டுத் தட்டையைக் கொளுத்தப் போறானாம். ஓடிப்போய் தீப்பெட்டியைப் புடுங்கு. தட்டையை நறுக்கித்தான் போடணும். முழுசாப் போட்டா எலையை மட்டும் தின்னுட்டு, தண்டை மிதிச்சுப் போட்டு, ஒன்ன மாதிரியே வீராப்பா நிக்கும். கரும்பு வெட்டுற எடத்துல கொழுந்தாடை கெடைக்கும். வெறும் வாய்ப்பேச்சுல வாங்கிப்புடலாம்னு போவாத, வெட்டுற ஆளுங்களுக்கு டீயாவது வாங்கிக் குடு. ஆனா அதையே வேளாவேளைக்குத் திணிக்காத. அதுல இருக்குற ஆக்சலேட் ஒடம்புல சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. தாது உப்பும் கலந்து வை.

மூலையில கொஞ்சம் வைக்கோல் கெடக்குதா? யூரியா போடு. ஏன் முழிக்கிற? நெல்லுக்கு மூட்டை மூட்டையாக் கொட்டுறப்ப முழிச்சியா? 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணி. நல்லாக் கரைச்சு, அடுக்கடுக்காத் தெளிச்சு மிதிச்சு, காத்துப் போவாம தார்ப்பாயால 21 நாள் மூடி வை. மார்கழி எட்டுக்குள்ள மூடுனீன்னா மாட்டுப்பொங்கலுக்குப் பிரிக்கலாம். பிரிச்சதும் வாடை கண்ணைக் கரிக்கும், ஆறவுட்டுப் போடு. மொதல்ல கொஞ்சமாப் பழக்கு. ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்னுக்குக் காட்டவே காட்டாத. கரைச்ச அண்டாவைக் கழுவிக் கவுத்து வை. மாடு வாய் வெச்சு மிச்சத் தண்ணியைக் குடிச்சா உசுருக்கே ஆபத்து. சத்து கூடட்டும்னு ரெண்டு பங்கு கரைக்கிற புத்திசாலித்தனமும் வேணாம்.

ஒரு மாடு நாளைக்கு 6 கிலோ தின்னாலும் வருசத்துக்கு 2 டன்னுக்கு மேல ஆவுது. ஏறக்குறைய ஒரு ஏக்கர் வைக்கோல். ஒங்கிட்ட மூணு மாடு. அடுத்த அறுப்புல லாரிக்காரன் வந்து நிக்கிறப்ப, மூணு ஏக்கரை ஒதுக்கி வெச்சுட்டு மிச்சத்துக்கு வெலை பேசு.