இழுவை அறிந்த பெருமக்கள்

பல்லவர்களுக்கு வண்டி விஷயத்தில் அறிவு போதாது என்றுதான் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்கள் செய்தார்கள். பாறை கிடந்த இடத்திலேயே செய்தார்கள். ஏற்றுகூலி இல்லை, இறக்குகூலி இல்லை, வண்டி வாடகை இல்லை. சுமையைத் தூக்க வழி தெரியாதவர்கள்தாம் இப்படி மூளையைச் செலவழிப்பார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து இதே பக்கத்தில் வாழும் நம்மவர்களுக்கு அந்தக் குறை இல்லை. எந்தச் சுமைக்கு எந்த எஞ்ஜின் என்று அவர்கள் தேர்ந்தெடுக்கும் அழகைப் பார்க்க விரும்புகிறவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு திங்கட்கிழமையும் நின்றால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைப் பெருமக்கள் வாங்குவது 2.8 லிட்டர் டீசல் எஞ்ஜின், நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப். 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸுக்கு 204 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக் கியர் வைத்ததில் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஆஸ்திரேலியாவில் சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் போய்ச் சேற்றில் புரண்டு கிடக்கும் வண்டி அது. பாவம், அங்கே அதன் அருமை தெரிந்தவர்கள் இல்லை. இங்கே அதன் பின்தொட்டியில் ஒரு தண்ணீர் கேனும் இரண்டு மடக்கு நாற்காலியும் பயணம் செய்கின்றன. அவற்றுக்கும் வெயில் படாமல் மேலே மூடி. முட்டுக்காடு தாண்டி மாமல்லபுரம் வரை மேடு என்று சொல்ல ஒன்றுமில்லாத சாலை. அந்தச் சாலையில் 500 நியூட்டன் மீட்டரையும் அடக்கி வைத்துக்கொண்டு, டோல்கேட் வரிசையில் பொறுமையாக நிற்கும் தன்னடக்கம் யாருக்கு வரும்?

தொண்டை நாட்டுக்கு இது புதிதும் அல்ல. அதியமானின் தூதாக வந்த ஔவையிடம் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைத் திறந்து காட்டினான் என்பார்கள். நெய் பூசிப் பளபளத்த வேல்களை ஔவை எப்படி மனமாரப் புகழ்ந்தாரோ, அப்படியே சிராய்ப்பு ஒன்றுகூட இல்லாத இந்தப் பின்தொட்டிகளை நானும் புகழ்கிறேன்.

இவர்களுடைய வீரம் வெளிப்படுவது கடற்கரை மணலில். சாலை என்பது சாதாரண மனிதர்களுக்கு. இவர்கள் அலை வரைக்கும் வண்டியை விடுவார்கள். தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மணல் அது. ஆமைக்கும் ஒரு நல்ல எஞ்ஜினைப் பார்க்கும் வாய்ப்பு வேண்டாமா? மணலில் இறங்கும்முன் டயரின் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது கோழைகளின் பழக்கம் என்பதால் அதைச் செய்வதில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த 204 குதிரைகளும் சேர்ந்து குழி தோண்டுகின்றன. சக்கரம் பாதி புதைந்ததும் குப்பத்திலிருந்து படகு இழுக்கும் டிராக்டர் வருகிறது. அதற்கு நாற்பது குதிரைத்திறன் இருந்தால் அதிகம். அது கியர் பெட்டியில் வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கிக்கொள்ளும். பின்சக்கரமோ ஆளின் மார்பளவு உயரம். இந்த அற்ப உத்திகளால் 2.8 லிட்டரை அது வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறது. அப்போதும் நம் பெருமகனார் கலங்குவதில்லை. டிராக்டர்காரரிடம் அவர் கேட்கும் கேள்வி: “எத்தனை சிசி?”

அந்தக் கேள்வியில்தான் அவருடைய ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இசூசு வி-கிராஸ் பிக்கப் 2016-இல் இங்கே வந்தபோது அதற்கு 2.5 லிட்டர் எஞ்ஜின். பிற்பாடு அதை 1.9 லிட்டராகச் சுருக்கினார்கள். குதிரைத்திறன் 135-க்குப் பக்கத்திலிருந்து 160-க்கு மேலே போனது. முறுக்குவிசையும் 320-லிருந்து 360 ஆனது. “என்னங்க, எஞ்ஜின் சின்னதாப் போச்சே” என்று அன்று வருந்திய உள்ளங்களை நான் வணங்குகிறேன். டர்போ, கியர் விகிதம் போன்ற சில்லறைச் சமாச்சாரங்கள் அவர்களை மயக்கிவிட முடியாது.

ஆனாலும் என் மதிப்பில் ஒரு படி மேலே நிற்பவர்கள் திங்கட்கிழமைப் பெருமக்கள்தாம். இவர்கள் சிக்கனத்தின் சிகரம். 2005-இல் இவர்களுக்கென்றே டாடா ஏஸ் சரக்கு வண்டி வந்தது: இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். 750 கிலோ ஏற்றலாம் என்று செய்தவர்கள் சொன்னார்கள். தமிழ்நாடு அதற்குக் ‘குட்டி யானை’ என்று பேர் வைத்தது. பேரில் யானை இருக்கிறதே, பிறகு எதற்கு 750 கிலோ என்ற கூச்சம்?

கருங்கல் ஒரு கன அடி எழுபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள ஒரு கல் தொள்ளாயிரம் கிலோ. பார்வைக்கு அது ஒரு சின்னப் பிள்ளையாருக்குத்தான் காணும். எம்-சாண்ட் ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி, நாலு டன்னுக்கு மேல். அரை யூனிட்தானே என்று ஏற்றினால் இரண்டு டன் தாண்டிவிடும். இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவர்கள் ஏற்றத் தயங்குவார்கள். நம்மவர்கள் அதைக் கற்றுக்கொள்ளாததால் தயங்குவதில்லை. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையை நகர்த்த 1908-இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தும் அது அசையவில்லை என்று ஊரில் ஒரு கதை உண்டு. 250 டன் இருக்கும் என்கிறார்கள். ஏழு யானைக்குப் பதில் ஒரு குட்டி யானையைக் கூப்பிட்டிருந்தால், “ரெண்டு நடையில முடிச்சிரலாம்ணே” என்று பதில் வந்திருக்கும்.

பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை இரண்டைக் கூடுதலாகச் சொருகினால் வண்டியின் தகுதியே கூடிவிடும் என்பது இவர்கள் கண்டுபிடிப்பு. பிரேக் பழையதுதான், ஆக்ஸில் பழையதுதான், டயரும் பழையதுதான். வண்டி மட்டும் தாழாது. மேம்பாலம் ஏறும்போது ஹாஃப் கிளட்சில் நிறுத்திப் பிடித்து, கிளட்ச் பிளேட் கருகும் வாசனையைப் பின்னால் வருகிறவர்களுக்கும் பகிர்ந்தளிக்கிறார்கள். இறக்கத்தில் பிரேக்கைவிட ஹாரனை அதிகம் நம்புகிறார்கள். பட்டறைக்காரர்களின் பிள்ளைகள் இன்ஜினீயரிங் படிக்கிறார்கள் என்றால் அதில் இவர்கள் கட்டும் பங்கு கொஞ்சமல்ல. அரசாங்கத்தையும் மறந்துவிடவில்லை: 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பெரிய வண்டிக்கு மாதத் தவணை கட்டுவதைவிட இது கௌரவமானது.

இவர்களுக்கு நடுவே சில கஞ்சர்கள் இருக்கிறார்கள். ஆர்.சி.யில் வெறும் வண்டியின் எடையும் சுமையோடு இருக்கக்கூடிய மொத்த எடையும் போட்டிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, ஓட்டுநரையும் கிளீனரையும்கூடக் கழித்து, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். தினமும் ஏற்றும் சரக்கு எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர், வழியில் மேடு உண்டா என்று கேட்பார்கள். ஒரு டன் சரக்கு என்றால் 1.25 டன் தாங்கும் 1.5 லிட்டர் அசோக் லேலண்ட் தோஸ்த், ஒன்றரை டன் என்றால் 1.7 டன் ஏற்றும் பொலீரோ பிக்கப் என்று பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். இவர்கள் வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பட்டறையில் இவர்கள் முகம் தெரிவதில்லை, எஃப்.சி.க்குப் போனால் புரோக்கருக்கும் வேலை இல்லை. இப்படிப்பட்டவர்களால் ஊரில் யாருக்கும் நாலு காசு பிரயோஜனம் கிடையாது.