அப்பா பார்த்த பூடான்

இந்தியர்கள் பூடான் போக விசா வேண்டாம். என்னிடம் இதைச் சொன்னவர்கள் எல்லோரும் இத்தோடு நிறுத்திக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். விஷயமே அதற்குப் பிறகுதான் இருந்தது.

விசாவுக்குப் பதிலாக நுழைவு அனுமதி என்று ஒன்று உண்டு. அதை வாங்க, ஆறு மாதமாவது ஆயுள் பாக்கியிருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை. என் பாஸ்போர்ட் காலமாகி இரண்டு வருடம். மனைவியுடையது நான்கு மாதக் கெடுவில் இழுத்துக்கொண்டிருந்தது.

"அதான் ஆதார் இருக்கே" என்றாள்.

சிம் கார்டுக்கு ஆதார், வங்கிக்கு ஆதார். திருப்பதிப் பெருமாளே ஆதாரைப் பார்த்த பிறகுதான் சேவை சாதிக்கிறார். பூடான் எல்லையில் மட்டும் அது செல்லாது.

பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து வாக்காளர் அட்டைகள் வெளியே வந்தன. என் அட்டையில் இருந்தவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பழநியில் மொட்டை போட்ட பத்தாம் நாள் எடுத்த படம் அது. சந்தனக் குளிர்ச்சி போய், முள் முளைக்கிற பருவம். பலாப்பழத்துக்குக் கண் எழுதியது போல இருந்தேன். வாக்குச்சாவடியில் இருப்பவர்கள் தெருக்காரர்கள் என்பதால் அந்தப் படத்தை யாரும் இதுவரை பொருட்படுத்தியதில்லை.

அடுத்தது கட்டணம். நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்று பெயர். இந்தியர்களுக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். இரண்டு பேர், ஐந்து இரவு, 12,000. "அறை வாடகை தனியா? அப்ப இது தூங்கறதுக்கு மட்டுமா?" என்றாள் மனைவி. வெள்ளைக்காரர்களின் கதையைச் சொல்லி ஆறுதல்படுத்தினேன். அவர்களுக்கு 2022 செப்டம்பரில் ஓர் இரவுக்கு 200 டாலர் என்று ஏற்றி, கூட்டம் வராததால் அடுத்த ஆண்டே 100 ஆக்கினார்கள். விசாவுக்கு 40 டாலர் வேறு. பிறத்தியார் அதிகம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்கு 1,200 மலிவாகிவிட்டது. நாட்டில் 60 சதவீதமாவது காடாகவே இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிற தேசம். காட்டுக்கும் செலவு இருக்கும்தானே.

விண்ணப்பத்தில்தான் வில்லங்கம் ஆரம்பித்தது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்குக் கடைசிப் பெயர் ஏது? இருப்பது ஓர் இனிஷியல். அதுவும் முன்னால் நிற்கும். அட்டையைப் பார்த்தேன். என்னுடையதில் அப்பா பெயர். அவளுடையதில் கணவர் பெயர். அப்படியே இறக்கிவிட்டேன்.

பாக்டோக்ராவில் விமானம் இறங்கி, தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே ஜெய்காவ் வந்து சேர்ந்தோம். இந்தப் பக்கம் ஜெய்காவ், அந்தப் பக்கம் புன்ட்ஷோலிங், நடுவே ஒரு வாசல். என் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால். சாப்பாட்டு வேளைக்குள் முடித்துவிடலாம் என்று நாலு எட்டு வைத்து உள்ளே போனால், அங்கே மணி ஒன்றேகால். பூடான் நம்மைவிட அரை மணி முந்திய தேசம். அதிகாரிகள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

திரும்பி வந்தவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். முடியைப் பிடித்துக் காட்டி, "சாமி... கொடுத்தாச்சு..." என்று தெரிந்த இந்தியில் விளக்கினேன். தெருவுக்குத் தெரு மொட்டைத்தலைப் பிக்குகள் நடமாடும் ஊர் அல்லவா? அவர் முகம் மலர்ந்தது. "முன்பு துறவியாக இருந்தீர்களா?" என்று பணிவோடு கேட்டார்.

"இப்பவும் வீட்டு வேலைன்னா துறவிதான்" என்றாள் பின்னால் நின்றவள். நல்லவேளை, தமிழில் சொன்னாள்.

வெளியே எங்கள் வழிகாட்டி காத்திருந்தார். முழங்கால் வரை தூக்கிக் கட்டிய 'கோ' அங்கி, நீளக் காலுறை. பெரியவர்கள் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிடுவது நம் ஊர் மரியாதை. அங்கே தூக்கிக் கட்டுவதுதான் மரியாதை. கையிலிருந்த அனுமதிச் சீட்டைப் பார்த்து, மலர்ந்த முகத்தோடு என்னை அழைத்தார், என் அப்பாவின் பெயரைச் சொல்லி.

எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொன்னதில்லை. அம்மா கடைசிவரை சொன்னதே இல்லை. எனக்கு இங்கே எழுதக்கூடக் கை வரவில்லை. சென்னைக்கு வடக்கே கால் வைக்காத மனிதர் அப்பா. அவரைத் திம்புவில் காலை உணவுக்குக் கூப்பிட்டார்கள். பாரோவில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தக்த்சாங் மடத்துக்கு நான் மூச்சிரைக்க ஏறியபோது, "மெதுவாக வாருங்கள்" என்று அவர் பெயரைத்தான் பள்ளத்தாக்கே எதிரொலித்தது. எனக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தோன்றியது.

திரும்பும் நாளில் புன்ட்ஷோலிங்கில் சீட்டுகளைச் சரிபார்த்தார்கள். அதிகாரி என் பெயரை வாசித்தார். ஐந்து நாள் கழித்துச் சொந்தப் பெயரைக் கேட்ட சந்தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டேன்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட என் பெயரைச் சொல்லாத மனைவி, என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"என்னங்க, அது நான்."