டயர்ப் பரபக்கம்: அத்திப்பட்டுக் கார்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

*பழையது தேய்ந்தது என்ப, தேயாதது
அதனினும் பழையது ஆதலும் உண்டே.*

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், காருக்கு டயர் மாற்றப் போகிறவர் புதுசா செகண்ட்ஸா என்று கடை வாசலில் நின்று படும் மயக்கத்தைத் தீர்த்தல் நுதலிற்று. ‘என்ப’ என்றதனால் ஊரார் அப்படிச் சொல்கிறார்களே தவிர, ஆசிரியருக்கு அது முழு உடன்பாடு அன்று. ‘உண்டே’ என்ற ஏகாரம் தேற்றம். சூத்திரம் எந்த நூலில் உள்ளது என்று வினவுவோர்க்கு விடை: உரை எழுத ஆசை வந்து சூத்திரம் கிடைக்காமையால், உரையாசிரியரே செய்துகொண்டார்.

இனி ஆய்வுக் களம். 2001-இல் ‘சிட்டிசன்’ படம் வந்த பிறகு, அத்திப்பட்டு என்றாலே “அது காணாமப் போன ஊராச்சே” என்பவர்கள் பெருகிவிட்டார்கள். காணாமல் போனது படத்தின் அத்திப்பட்டி. நம் அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி ரயில் மார்க்கத்தில் எண்ணூரைத் தாண்டியதும், புதுநகர் ஒன்று தனக்கு ஒன்று என இரண்டு ஸ்டேஷன் வைத்துக்கொண்டு திடமாக இருக்கிறது. இங்கே காணாமல் போவது டயரின் மேல்வரியான பட்டன் மட்டுமே. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் லாரிகளும், காமராசர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கன்டெய்னர் டிரெய்லர்களும் போய்வரும் சாலையில், அவை விட்டுச்சென்ற குழிகளுக்குள் ஒரு சின்னக் கார் இறங்கி ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வகம் தேவையில்லை.

புது டயருக்கும் இந்தப் பக்கம் பஞ்சமில்லை. தெற்கே திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். வடமேற்கே, கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் பிரெஞ்சுக்காரர்களின் மிஷ்லின் ஆலை. பின்னது தொடக்கத்தில் லாரி, பஸ் டயரே செய்ததாகையால் கார்க்காரருக்கு நேரடிப் பயன் இருந்ததில்லை. பிள்ளைக்கு அங்கே வேலை கிடைத்தால் உண்டு.

சிவஞான சித்தியார், மாற்றார் கொள்கையைப் பரபக்கத்தில் சொல்லி மறுத்துவிட்டுத் தன் கொள்கையைச் சுபக்கத்தில் நாட்டும். சைவ சித்தாந்தத்துக்கே உகந்த ஒழுங்கு டயருக்கு உகவாதா? ஆகவே முதலில் செகண்ட்ஸ் மதத்தாரின் வாதம்.

அவர்கள் வரலாற்றிலிருந்து தொடங்குவார்கள், அதுவும் வலுவான இடத்திலிருந்து. 1946-இல் எம்.ஆர்.எஃப். நிறுவனர் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் செய்யத் தொடங்கியது டயர் அல்ல, பொம்மை பலூன். 1952-இல் அவர் இறங்கியது டிரெட் ரப்பரில், அதாவது தேய்ந்த டயரின்மேல் ஒட்டி ரீபட்டன் போடும் ரப்பரில். அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து புது டயர் வார்த்தது 1961-இல்தான். எனவே நம் வட்டாரத்தில் பழைய டயர் மூத்தது, புது டயர் இளையது. மூத்தோர்க்கே முதல் மரியாதை என்பது அவர்கள் துணிபு. அடுத்து, காய்ந்த சாலையில் மொட்டை டயரும் பிடிக்கும், ரேஸ் கார் வெயிலில் ஓடும்போது பள்ளமே இல்லாத டயரில்தானே ஓடுகிறது என்பார்கள். கடைசியாகப் பிரம்மாஸ்திரம்: “பாதி பட்டன் இருக்கு சார், பாதி விலை குடுங்க. நியாயம்தானே?”

நியாயம் அன்று. இதை மறுக்கப் பழந்தமிழ்க் கீழ்வாய் இலக்கமே போதும். புதுக் கார் டயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். ஆனால் அதைப் பூச்சியம் வரை ஓட்ட முடியாது. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அவற்றோடு சமமானால் எஞ்சியிருப்பது 1.6 மில்லிமீட்டர், சட்டப்படி டயரின் ஆயுள் அங்கே முடிகிறது. ஆகவே புது டயரில் நாம் வாங்குவது 6.4 மில்லிமீட்டர். ‘பாதி பட்டன்’ என்று விற்கப்படும் 4 மில்லிமீட்டர் டயரில் நமக்குக் கிடைப்பது 2.4. இது அரை அன்று; காலே அரைக்கால், அதாவது எட்டில் மூன்று. அரை விலை கொடுத்தவர் ஒவ்வொரு டயரிலும் புது விலையில் அரைக்கால் பங்கு பணத்தை விட்டுவிட்டு வருகிறார். மாட்டுக்கூலியும் பேலன்சிங்கும் சீக்கிரமே மறுபடி வரும் என்பதை இக்கணக்கில் சேர்க்கவில்லை. பரபக்கத்தாரிடம் கொஞ்சம் இரக்கம் காட்டுவது மரபு.

ரேஸ் கார் வாதத்துக்கு மறுப்பு ஒரே சொல்: ஐப்பசி. பட்டனின் வேலை சாலையைப் பிடிப்பதைவிட, இடையில் வரும் தண்ணீரை வழித்துத் தள்ளுவது. பள்ளம் ஆழம் குறைந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, டயர் நீரின்மேல் ஏறி மிதக்கும். ரேஸ்காரர்களும் மழை வந்தால் பள்ளம் வைத்த டயருக்கு ஓடிப்போய் மாற்றிக்கொள்கிறார்கள். இதை மேற்படி மதத்தார் சொல்வதில்லை.

இனி அளவை இயல், அதாவது ஒன்றை அறியும் வழிகள். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் டயர்க் கடையில் என்ன ஆகின்றன என்பது தனியே ஆராயத்தக்கது. காண்டல் முதலில் தோற்கும்: கறுப்பு பாலிஷ் பூசிய டயரெல்லாம் நேற்றுப் பிறந்தவை. பூச்சைத் துடைத்துப் பக்கச் சுவரை விரலால் மடக்கினால்தான் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். உரை அளவை கடைக்காரர் வாக்கு. “ஷோரூம் டயர் சார், வண்டி எடுத்த வாரமே அலாய் மாத்திட்டாரு, இத இறக்கிட்டோம்.” இது பொய் என்று தள்ளிவிட முடியாது; அப்படி இறக்கப்படும் நல்ல டயர்கள் உண்மையிலேயே உண்டு. கருதல் அளவைதான் கைகொடுக்கும். குவியலில் கிடக்கும் பழைய டயருக்குப் புது டயருக்கு இல்லாத ஒரு நேர்மை உண்டு: தன் உள்வயிற்றைக் காட்டும். உள்ளே வட்டமாக உரசிய தழும்போ ரப்பர்த் தூளோ இருந்தால், காற்றில்லாமல் ஓட்டப்பட்டது எனக் கருதுக. உள்ளே ஒட்டுப் போட்டிருந்தால் பஞ்சர் எங்கே விழுந்தது என்று பார்க்க. பக்கச் சுவரில் என்றால் மேலே பேச்சு வேண்டாம். மழைநீர் தேங்கியிருந்தால் கொசுவையும் கருதுக. 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆசியப் புலிக்கொசு குடியேறியிருந்தது தெரிந்தபோது, பழி விழுந்தது கப்பலேறி வந்த பழைய டயர்கள்மேல்தான்.

கருதலுக்கு மேலே ஒன்று உண்டு: சாசனம். ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும் பெரும்பாலும் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் பிறந்தது. 2000-க்கு முன் மூன்றே இலக்கம். அத்தகைய டயரை எவரேனும் விற்க வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வழி சொல்லவும். இச்சாசனம் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அதுவும் மாட்டியபின் உட்பக்கம் போய்விடக்கூடும். எனவே டயர் மாட்டிய காரில் இதை வாசிக்க விரும்பும் ஆய்வாளர் லுங்கியோடு வருதல் நலம்.

இங்கேதான் சூத்திரத்தின் இரண்டாம் அடி விளங்கும். ‘புதுசு’ என்று ஜிகினா ஸ்டிக்கரோடு தரும் டயர் கிடங்கில் மூன்று வருஷம் தூங்கியதாக இருக்கலாம். ‘பழசு’ என்று ஒதுக்கியது ஆறு மாதக் குழந்தையாக இருக்கலாம். வெயிலும் ஆக்சிஜனும் ஓசோனும் ஓடாத ரப்பரையும் விடுவதில்லை. அது இறுகும், வெடிக்கும். பத்தாண்டு ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்று டயர் செய்கிறவர்களே சொல்வதுண்டு. ஆக, புதுசா பழசா என்ற வினாவே பிழை. எந்த வாரம், எந்த ஆண்டு, எத்தனை மில்லிமீட்டர் என்பதே வினா.

இவ்வளவையும் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கடையில் விரித்துரைத்தபோது, கடைக்காரர் பொறுமையாகக் கேட்டு முடித்து ஒன்றே ஒன்று கேட்டார்: “எல்லாம் சரி சார். வண்டிய நீங்க வெச்சிக்கப் போறீங்களா, விக்கப் போறீங்களா?” நூலறிவு நூறு பக்கத்தில் தொடாததை இந்த ஒரு வரி தொட்டுவிட்டது. செகண்ட்ஸ் வாங்குவோரில் பலர் டயர் வாங்குவதில்லை; வண்டி கைமாறும் வரை, அல்லது டிராவல்ஸ் வண்டியானால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று சோதனை முடியும் வரை, அவகாசம் வாங்குகிறார்கள். விற்கப் போகிறவர் போடும் டயரில் வாங்கப் போகிறவர் குடும்பம் போகும் என்பது அந்த வரியில் இல்லை. கடைக்காரரிடம் அதைக் கேட்கவும் இல்லை, கடையில் கூட்டம்.

ஆகவே சுபக்கம்: வண்டியை வைத்துக்கொள்கிறவர், நாலு முடியாவிட்டாலும் இரண்டாவது புதுசாக, தேதி பார்த்து வாங்குக. அந்த இரண்டையும் பின்னால் மாட்டுக. “ஸ்டீரிங் முன்னாடிதானே சார் இருக்கு” என்று எல்லாக் கடையிலும் எதிர்ப்பு வரும். மழையில் முன் டயர் வழுக்கினால் கை உணரும், வேகத்தைக் குறைக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்று, வந்த வழியையே பார்த்து நிற்கும். டயர் கம்பெனிகள் சொல்வதும் இதுவே. செகண்ட்ஸுக்கு ஓரிடம் உண்டு, ஸ்டெப்னி. அதுவும் சாசனம் வாசித்த பிறகு.

ஸ்டெப்னி என்றதும் தீராத ஐயம் ஒன்று. 2014-இல் காரோடு வந்து, இன்றுவரை தரை தொடாமல் டிக்கியில் கிடக்கும் டயர் எப்பக்கத்தைச் சேரும்? பட்டன் முழுசு, ஒரு கிலோமீட்டர் ஓடியதில்லை. டயர் உருண்டு வளைந்தால்தான் உள்ளே கலந்த காப்பு மெழுகு மேலே வந்து வெடிப்பைத் தடுக்கும் என்பதால், ஓடாமல் கிடந்ததே அதற்குக் கேடு. செகண்ட்ஸ் மதத்தார் அதைப் புதுசு என்று விலை கேட்கிறார்கள். புதுமதத்தார் பழசு என்று கழற்றச் சொல்கிறார்கள். வீட்டில் கேட்டால், முதலில் அதன்மேலிருக்கும் அரிசி மூட்டையை இறக்கச் சொல்கிறார்கள்.