பின் மாற்றியல்: நூற்பாவும் உரையும்

ஹெட்போனில் ஒரு பக்கம் கேட்காவிட்டால் வேறொன்று வாங்குவதே உலக வழக்கு. அதன் பின்னை மாற்றுதற்கு நூல் செய்வானேன் எனின், அற்றன்று. சாவது பின், குப்பைக்குப் போவதோ நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள். ஓர் இயல் எழுத இந்த அநீதி போதும்.

பின்னின் குலம் பெரிது. 19-ஆம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், பேசுவோர் இருவரைக் கோக்க ஆபரேட்டர்கள் குத்திய கால் அங்குலத் தடிதான் மூதாதை. கிட்டார்க்காரர்கள் அந்த விசுவரூபத்தை இன்றும் விடவில்லை. டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் அது 3.5 மி.மீ. ஆக இளைத்தது, 1979-இல் வாக்மேன் அதைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோனது, 2016-இல் ஐபோன் 7 அதற்குத் துளையே கிடையாது என்றது. அதற்குப் பின்னும் பின் இருக்கிறது.

பழுது பெரும்பாலும் பின்னில் இல்லை. அதையொட்டிய விரற்கடை வயரில் இருக்கிறது. மடங்கி மடங்கி அறுவது அவ்விடமே. அறுந்த ஹெட்போனை வைத்துக் காலம் தள்ளுவோர் முத்திறத்தார். வயரை முறுக்கிப் பிடித்தபடியே பாட்டு கேட்போர் முறுக்குநெறியார். ரப்பர் பேண்டு சுற்றி ஒரு கோணத்தில் நிறுத்துவோர் கட்டுநெறியார். மூன்றாமவர், வயரைத் திருத்தாமல் தம் கழுத்தைச் சாய்த்துக்கொள்ளும் சாய்வுநெறியார். பஸ்ஸில் இவர்களைத் தியானத்தில் இருப்பவர்கள் என்று மயங்குவாரும் உளர்.

ஒரு காது செத்தால் நோய் எளிது. எர்த் அறுந்தால்தான் ஆய்வாளனுக்கு விருந்து. அப்போது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஒலிக்கும். இரண்டுக்கும் பொதுவானது கழிந்துவிடும். பாடுகிறவர் குரலை நடுவில், இரு பக்கமும் சமமாக வைப்பதே ஒலிப்பதிவு மரபு. ஆகவே வயலின் கேட்கும், எதிரொலி கேட்கும், எஸ்.பி.பி. மட்டும் வரமாட்டார். மோனோவில் பதிவான பழைய டி.எம்.எஸ். பாட்டோ இரு பக்கமும் ஒன்றே. எனவே ஏறக்குறைய முழுப் பாட்டும் காணாமல் போகும். பாட்டு வராததையே கருவியாகக் கொண்டு நோய் அறியும் துறை இது ஒன்றுதான் போலும்.

இனிச் சிகிச்சை. பழுதான இடத்துக்கு மேலே வெட்டுக. உள்ளே மயிரிழை வயர்கள்: பெரும்பாலும் சிவப்பு வலம், பச்சையோ நீலமோ இடம், செம்பு நிறம் எர்த். இவை வெறும் செம்பு அல்ல, அரக்குப் பூசியவை. அதை அறியாதார் பற்றவைத்தால் ஈயம் உருண்டோடும். ஒட்டியதுபோல் தோன்றினும் ஒலி வாராது. சால்டரிங் அயர்ன் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, அதற்குள் வயரைச் சற்று நேரம் வைத்தால் பூச்சு எரியும். லைட்டர் காட்டுவோரும் உண்டு; வயரும் சேர்ந்து போகலாமென்பதால் அது நம் கொள்கையன்று. பின்னில் நுனி இடம், வளையம் வலம், உடல் எர்த். சூட்டை நீட்டினால் பின்னுக்குள் பிளாஸ்டிக் இளகும்.

மைக் உள்ள நான்கு பட்டைப் பின்னில் சமயச் சண்டை உண்டு. கடைசி இரண்டு இடங்களில் எர்த் முன்னா, மைக் முன்னா என்பதில் சி.டி.ஐ.ஏ., ஓ.எம்.டி.பி. என இரு மரபுகள். பெருமாள் ஒருவரே, நாமம்தான் வடகலை, தென்கலை. இன்றைய போன்களில் எர்த்தை முன் வைக்கும் சி.டி.ஐ.ஏ.வே வென்றது.

இவ்வியலின் தலையாய நூற்பா:

மூடி முந்தும், ஈயம் பிந்தும்.

இதன் பொருள்: பின்னின் மூடியை வயரில் முதலில் கோத்துவிட்டே பற்றவைக்க வேண்டும், மறுமுனையில் ஹெட்போன் இருப்பதால் அவ்வழியாகப் பிறகு நுழைக்க இயலாது. ‘முந்தும்’ என்றது விதி, வழக்கன்று. வழக்கில், மூன்று வயரும் கச்சிதமாகப் பற்றி, ஊதி ஆற்றி, பாட்டும் கேட்டு மகிழ்ந்த பின்னரே மேசையில் மூடி கண்ணில் படும். ரிச்சி தெருவில் விலை கூடிய பின் வாங்கினாலும் இவ்விதிக்கு விலக்கில்லை.

ஈற்றில் ஒரு வழக்கு எஞ்சுகிறது. எல்லாம் முடிந்து கேட்டால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் வருகிறது. மறுபடி உருக்கி மாற்றுக என்பர் தூயவாதிகள். ஹெட்போனைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது என்பர் நடைமுறைவாதிகள். காதின் வடிவுக்கு வார்த்த இயர்போனாயின் திருப்பிப் போட இயலாதே எனின், அவர் அதற்கும் விடை வைத்திருக்கிறார்: “படத்துல ரயில் எந்தப் பக்கமிருந்து வந்தா உனக்கென்னய்யா?”