கேட்டவரும் சொன்னவரும்

கேள்வி: பழங்காலத்து வைத்தியக் கருவிகளைச் சேகரிப்பதால் என்ன லாபம்? (திருச்சி அன்பர்)

பதில்: அவை நம்மீது பிரயோகிக்கப்படவில்லை என்ற ஆனந்தம்.

கே: ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் யார்? (சேலம் மாணவர்)

ப: லென்னெக், பாரிஸ், 1816. வீட்டுப்பாடத்தைத் தாங்களே எழுதவும்.

கே: புகையிலைக்கு மருத்துவ உபயோகம் உண்டா? (மதுரை அன்பர்)

ப: இருந்ததாக ஆங்கிலேயர் நம்பினர். 1774-இல், நீரில் மூழ்கியவர்களைப் பிழைப்பிப்பதற்கென்றே லண்டனில் தோன்றிய சங்கத்தார், தேம்ஸ் நதிக்கரையில் ஆங்காங்கே வைத்திருந்த பெட்டிகளில் துருத்தியும் குழாயும் புகையிலையும் தயாராயிருந்தன. கரையில் இழுத்துப்போட்ட மனிதனுக்குள் புகையை ஊதி ஏற்றினால், உடல் உஷ்ணமடைந்து போன பிராணன் திரும்பும் என்பது அக்காலச் சித்தாந்தம். எவ்வழியாக ஏற்றினார்கள் என்று வினவுவீர்களானால், வாய் வழியாக அல்ல என்பதோடு என் பேனா நாணி நின்றுவிடுகிறது. 1811-இல் பிராடி என்ற வைத்தியர், புகையிலைச் சத்து இருதயத்தையே நிறுத்தவல்லது என்று பிராணிகளிடம் பரிசோதித்துக் காட்டிய பின்னர் துருத்தியின் மவுசு குறைந்தது. பொடியையும் சுருட்டையும் நான் ஓயாமல் வைவதாகச் சலித்துக்கொள்ளும் அன்பர்கள், மூக்கோடும் வாயோடும் நின்றதே என்று இனியாவது மகிழ்வார்களாக.

கே: பிரசவத்தில் "ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை" என்கிறார்களே, அந்த ஆயுதம் யாருடைய சிருஷ்டி? (கும்பகோணம் அன்பர்)

ப: சேம்பர்லென் குடும்பத்தாருடையது, பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்கு அஞ்சி இங்கிலாந்துக்குக் குடியேறியவர்கள். ரசப்பொடியின் பக்குவத்தை நாத்தனாருக்குக்கூடச் சொல்லாத மாதரசிகளை நான் அறிவேன்; ஆனால் ஓர் இரும்பு இடுக்கியைத் தலைமுறை தலைமுறையாக, நூறு வருஷத்துக்கு மேல், உலகத்தின் கண்ணில் படாமல் காத்த சாமர்த்தியம் இவர்களுக்கே உரியது. பொன்முலாம் பூசிய பெரிய பெட்டியொன்றை இருவர் சுமந்து வருவார்களாம். உற்றாரை வெளியேற்றிக் கதவைத் தாழிட்டு, பிரசவ வேதனையில் கிடப்பவளின் கண்ணையும் கட்டிய பிறகே பெட்டி திறக்கப்படுமாம். உள்ளே இருந்ததோ, தனித்தனியே செலுத்திப் பின்னர் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் இரண்டு வளைந்த கரங்கள், அவ்வளவே! 1813-இல், எஸெக்ஸ் ஜில்லாவில் அவர்கள் வசித்த மாளிகையின் தரைப்பலகைக்கு அடியிலிருந்து அவை வெளிப்பட்டன. அதற்கு வெகு காலம் முன்பே ரகசியம் பகிரங்கமாகிவிட்டது. ஆயினும் ஒளித்துவைத்த அந்த வருஷங்களில் மாண்ட தாய்மாருக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

கே: தாங்கள் எந்த வைத்தியரிடம் போகிறீர்கள்? (பெயர் வெளியிட விரும்பாதவர்)

ப: கையெழுத்து புரிகிறவரிடம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கே: மயக்க மருந்து இல்லாத காலத்தில் ரணசிகிச்சையை எப்படித் தாங்கினார்கள்? (தஞ்சைச் சகோதரி)

ப: அம்மணி, இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. லண்டனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியார் 1822-இல் ஓர் ஆலயத்தின் கூரையடியில் பெண்களுக்கென அமைத்த ரணசிகிச்சைக் கூடத்தை இன்றும் காணலாம்: நடுவே ஒரு மர மேஜை, சொட்டும் உதிரத்தை ஏந்த அதன் கீழே, வைத்தியர் காலால் நகர்த்திக்கொள்ளும் மரத்தூள் பெட்டி, சுற்றிலும் மாணாக்கர் நின்று பார்க்கும் படிகள். செல்வருக்குச் சிகிச்சை வீட்டிலேயே நடந்தது. இங்கே படுத்தவர்கள் ஏழைகள். விழித்தபடி கிடந்தவளுக்கு வைத்தியர் காட்டக்கூடிய பெருங்கருணை வேகம் ஒன்றுதான். 1846 அக்டோபரில் பாஸ்டனிலும் டிசம்பரில் லண்டனிலும் ஈதர் வந்த பிறகே கத்தி நிதானம் கற்றது.

கே: அட்டைக்கு ரத்தம் குடிப்பதைத் தவிர வேறென்ன தெரியும்? (நாகை அன்பர்)

ப: ஜோசியம். 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் மெரிவெதர் என்ற வைத்தியர், பன்னிரண்டு அட்டைகளைப் பன்னிரண்டு குப்பிகளில் அடைத்து, புயல் நெருங்கும்போது அவை மேலேறி மணியடிக்கும் யந்திரமொன்றை வைத்தார். அரசாங்கத்தார் வாங்கவில்லை; மனிதர்களையே நியமித்துக்கொண்டார்கள். வித்தியாசம் தெரிந்ததா என்பதை, நேற்றைய வானிலை அறிவிப்பை நம்பிக் குடையில்லாமல் புறப்பட்டவர்கள் சொல்லட்டும்.