வரப்பு மரம்

அண்ணனும் நானும் பேசாமல் இருந்ததற்குக் காரணம் வரப்போரம் நின்ற ஏழு தென்னை. மரம் அவர் பக்கம், காய் விழுவது என் பக்கம். அப்பா போன பிறகு யாரும் அளக்காத வரப்பு. சென்னையில் கடைத் தேங்காய்க்குக் காசு எண்ணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வக்கீலிடம்கூடப் போனேன். அவர் கேட்ட ஃபீஸுக்குப் பல வருஷத் தேங்காய் வாங்கலாம் என்று தெரிந்ததும், பகையை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. எங்கள் வரப்பு மரங்களும்தான். சண்டைக்குக் காரணமே தரையில் கிடந்தது.

உதவப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் வசனம்கூடத் தயார்: "மரம் போனா என்னண்ணே, நாம இருக்கோம்ல." பை நிறைய மெழுகுவர்த்தி. பையைப் பிரித்த அண்ணி, "தீப்பெட்டி எங்க தம்பி?" என்றார். வாங்கவில்லை. ஊர்க் கடையிலும் தீர்ந்திருந்தது. அண்ணன் "வா" என்றார், கையில் ஒரு குடத்தைக் கொடுத்தார். வசனத்தைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை.

கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடாது. தெருவுக்கே ஒரு அடிபம்புதான். இடுப்பில் குடம் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்தேன். வீடு வந்து சேர்வதற்குள் பாதித் தண்ணீர் சட்டையில். அண்ணன் மகள் ஒன்றும் சொல்லாமல் குடத்தை வாங்கிக்கொண்டு தானே போனாள். இரவல் நெருப்பில் அடுப்பு மூட்டவும் முயன்றேன். ஈர மட்டை எரியவில்லை, புகை மட்டும் தெரு முழுக்கப் போனது.

விழுந்த மரத்தை அப்படியே விட்டால் மட்கி, காண்டாமிருக வண்டு முட்டை வைத்துப் பெருகிவிடும். மிச்சம் நிற்கிற மரத்தின் குருத்தையும் குடைந்துவிடும். அறுக்கிற மிஷினுக்கும் ஆளுக்கும் ஊரெல்லாம் அடிதடி. எங்கள் முறை வந்தபோது, அறுத்த துண்டுகளை இழுக்கக் கயிற்றின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான். வருஷக்கணக்காகப் பேசாதவர்கள் பேசியது இவ்வளவுதான்: "இழு." "விடுண்ணே." "காலை எடுடா, நசுங்கிடும்." கஷ்டம் வந்தால் மனசு விசாலமாகும் என்பார்கள். எங்களுக்கு அப்படியொன்றும் ஆகவில்லை. ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

என் மனசு எவ்வளவு விசாலம் என்பது வி.ஏ.ஓ. கணக்கெடுக்க வந்தபோது தெரிந்தது. மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் நிவாரணம். வரப்போரம் நின்று, "இது யாரு மரம்?" என்றார். "ரெண்டு பேருக்கும் சார்" என்று என் வாய் முந்திக்கொண்டது. ஏழில் பாதியை மனசு அதற்குள் கணக்குப் போட்டும் முடித்திருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். "அவன் சொல்றபடியே எழுதிக்கிடுங்க."

ராத்திரி சோறு போடும்போது அண்ணி, "அரை மரத்தை எப்படி எழுதுறதுன்னு வி.ஏ.ஓ. முழிச்ச முழியப் பாத்தியளா?" என்றார். அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன்; வேறு வழி?

புதுக் கன்றுகளை அண்ணன் வரப்பிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் வண்டு விழுந்திருப்பதாகச் சொன்னார். எங்கோ படித்ததை வைத்து, "வேப்பங்கொட்டைத் தூளை மணல்ல கலந்து குருத்துல போடுங்கண்ணே" என்று விவசாய அதிகாரி மாதிரி சொன்னேன்.

"அது போட்டாச்சு. கன்னுக்குத் தண்ணி ஊத்தத்தான் ஆள் இல்ல. குடத்தை உன்கிட்ட குடுத்தா பாதிதானே வந்து சேரும்" என்றார்.