சட்டைப் பை இயல்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது மூத்தோர் கணக்கு. கூட்டினால் முழுசாக ஒன்று வருகிறது; பைக்குப் பங்கு எங்கே? சட்டையின் இடப்பக்க மார்பில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தைத்திருக்கும் அந்தச் சதுரத்தை ஆடைக் கணக்கில் எழுதுவதா, ஆள் கணக்கில் எழுதுவதா என்பதே இவ்வாய்வு எடுத்துக்கொண்ட வினா. ஆள் கணக்கில்தான் என்பது எம் துணிபு. என்னை? சட்டை நாளுக்கொன்றாக மாறினும் பைக்குள் இருப்பது மாறாமையின் என்க.

ஆய்வு ஆண்களோடு நின்றுவிடுகிறது. சுடிதாருக்குப் பை வைக்கச் சொன்னால் தையற்காரர் ஏன் சொத்தில் பங்கு கேட்டதுபோல் பார்க்கிறார் என்பது தனி ஆய்வுக்குரியது. அதை நடத்துபவருக்கு நெஞ்சுரம் வேண்டும்.

பை என்பது பொருள் வைக்க ஏற்பட்டது என்பாருமுளர். அது பொருந்தாது. வைப்பதற்குத்தான் என்றால் பேன்ட் பை போதும். ஆழம் அதிகம், குனிந்தால் கொட்டாது. சட்டைப் பையோ தண்ணீர்த் தொட்டியைக் கண்டால் உள்ளதையெல்லாம் அதற்குத் தானம் செய்துவிடும். ஆகவே அது வைப்பதற்கன்று, காட்டுவதற்கு என்பது பெறப்படும்.

தலையாய சான்று வெள்ளைச் சட்டை. மெல்லிய வெள்ளைத் துணியில் தைத்த பை, பை அன்று, கண்ணாடி அலமாரி. அதிமுகவினர் ஜெயலலிதா படத்தை முகம் வெளியே தெரிய அதில் வைத்துக்கொண்டபோது, யார் எந்தப் பக்கம் என்று கேட்கும் வேலையே இல்லாமல் போனது. கரை வேட்டியில் கட்சியைக் காணக் கண்ணைத் தாழ்த்த வேண்டும். பையில் அந்தச் சிரமமும் இல்லை. 2016 நவம்பரில் வந்த 2000 ரூபாய்த் தாளின் ரோஸ் நிறமோ வெள்ளைப் பைக்கென்றே அச்சடித்தது போலிருந்தது. கல்யாண வீட்டு வாசலில் ஒற்றைத் தாளை மடித்து வைத்துக்கொண்டு ஒன்பது தாள் தோரணையில் நின்ற பெரியப்பாக்களை நான் அறிவேன். 2023இல் அது திரும்பப் பெறப்பட்டது. இப்போது பணமெல்லாம் ஜிபேயில். எவ்வளவு இருந்தாலும் துணிக்கு வெளியே தெரியாத பணம். பெரியப்பாக்கள் இளைத்துவிட்டார்கள்.

அற்றேல், டி-ஷர்ட்டுக்குப் பையே இல்லையே, அதை அணிந்தவர் யார் எனின், விசாரிக்கப்பட வேண்டியவர் என்க. அடுக்குமாடி வாட்ச்மேன் "யாரப் பாக்கணும்?" என்று நிறுத்துவது அவரைத்தான். பேனா குத்திய சட்டைக்காரர் அதே கேட்டில் வணக்கம் வாங்கிக்கொண்டு போகிறார்.

இனி பேனா. ஒன்று வைத்தால் படித்தவர், இரண்டு வைத்தால் வாத்தியார், மூன்று வைத்தால் பேனா ரிப்பேர்க்காரர் என்ற பழைய பகடியில் எண்ணிக்கை உண்டு, நிறம் இல்லை. நீலத்தோடு சிவப்பு நின்றால்தான் வாத்தியார். பச்சை மை என்றால் சான்றொப்பம் இடும் அதிகாரி. ஜெராக்ஸ் கட்டோடு வந்தவரின் முதுகு தானாக வளையும். அந்தப் பேனா எழுதுமா என்று எவரும் கிறுக்கிப் பார்ப்பதில்லை.

பிறர் உடையைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர் ஒருவர் நியூயார்க்கில் இருந்தார். பெயர் பில் கன்னிங்ஹாம். சைக்கிளில் திரிந்து, தெருவில் போவோர் வருவோர் உடுப்பை நியூயார்க் டைம்ஸுக்குப் படமெடுத்தவர். 1978இல் ஒரு பெண்மணியின் கோட்டில் தோள் வெட்டு அழகாயிருக்கிறதே என்று எடுத்தார். அணிந்திருந்தவர் நடிகை கிரெட்டா கார்போ என்பது அப்போது அவருக்குத் தெரியாது. கன்னிங்ஹாம் தான் மாட்டிக்கொண்டதோ பாரீஸ் தெருக்கூட்டும் தொழிலாளர்களின் நீல மேற்சட்டை. முகத்தை விட்டுவிட்டுத் துணியைப் படிக்கும் அந்தக் கலை நம்மூர்ப் பாட்டிகளுக்கும் கைவந்தது என்பதைக் காட்டவே இதை இழுத்தேன்.

களச்சான்று: மாதத் தொடக்கம், ஒரு வங்கிக் கிளை. சலான் எழுதும் மேசையில் பேனா கட்டிய நூல் இருந்தது, பேனா இல்லை. பக்கத்தில் செல்போனும் கையுமாக நான்கு இளைஞர்கள். நால்வரும் பட்டதாரிகளாகவே இருக்கலாம். முதியோர் பணம் எடுக்க வந்த பாட்டி யார் முகத்தையும் பார்க்கவில்லை. மார்பு மார்பாகப் பார்த்துக்கொண்டே வந்து என் பைக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, இதக் கொஞ்சம் எழுதிக் குடுப்பா."

முகத்தைக் கடைசியில்தான் பார்த்தார். பார்த்தபோது சிறு ஏமாற்றம் தெரிந்தது என்பதையும் ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துக்குப் பேனாவை வாங்கி, மூன்றெழுத்துப் பெயரை எழுத்துக்கு ஒரு மூச்சாக நிறுத்தி நிறுத்திப் போட்டார். பாஸ்புக்கு, சலான், பேனா மூன்றையும் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டு கவுண்டருக்குப் போனார். ரூபாயை எண்ணிச் சுருக்குப் பையில் வைத்தபோது கூடவே பேனாவும் உள்ளே போனது. இழுத்துச் சுருக்கிவிட்டு வாசலைப் பார்க்க நடந்துவிட்டார்.

என் பையில் மூடி மட்டும், கொக்கி வெளியே பளபளக்க, நேராக நின்றது. அதைப் பார்த்தபடியே வரிசையை விட்டு ஒரு பெரியவர், கையில் சலானோடு, என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.